ஒன்று ஓயின் மற்றொன்று ஏற்றல்

ஓர் இல்லத்தில் அடுப்படி அறிந்தவர் ஒருவரே யாயின், அவர் காய்ச்சலிற் கிடக்கும் நாளில் அவ்வில்லத்தார் அனைவரும் பசித்திருப்பர். இது கண்டே நம் முன்னோர் இன்றியமையாத் தொழில் ஒவ்வொன்றுக்கும் மாற்றாள் வைத்தனர். கவலையேற்றத்திற்கு மற்றோர் இணை மாடு வைத்திருந்ததும், இன்று பேருந்துப் பணிமனையில் மாற்று ஓட்டுநர் காத்திருப்பதும் இவ்வழக்கத்தின் பாற்பட்டனவே. மாற்றாளை வைத்தல் எளிது. அவர் எப்பொழுது எழுந்து வருதல் வேண்டும், வந்தவர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும், முன்னவர் நலம் பெற்றுத் திரும்பினால் யாது செய்தல் வேண்டும் என்பவற்றை முன்னரே வகுத்து வைத்தலே அரிது. கணிப்பொறித் துறையில் இவ்வரிய பகுதியை 'ஃபெயிலோவர்' என வழங்குவர். ஓய்ந்த பொறியின் பொறுப்பை ஓயாத பொறி ஏற்றுக்கொள்ளுதல் என்பது அதன் பொருள்.

இது யாருக்கோ உரிய நுணுக்கம் என்று நம் மாணவர்கள் எண்ணற்க. தருமபுரி மாவட்டத்து மக்களின் அன்றாட அலுவல்களிற் பெரும்பகுதி இப்பொழுது கணிப்பொறி வழியே நடைபெறுகின்றது. பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, நியாயவிலைக் கடைப் பண்டம், வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு ஆகிய யாவும் தொலைவில் எங்கோ ஓர் அறையில் இரவு பகலாக இயங்கும் பொறிகளை நம்பி நிற்கின்றன. அப்பொறிகள் ஓய்ந்தபொழுது பலகணிக்கு அப்பாலிருந்து எழும் சொல் ஒன்றை நாட்டில் அறியாதார் இலர்: "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க." சித்தேரி மலையினின்றும் அரூருக்கு இறங்கிவந்த கூலியாளர் ஒருவர்க்கு இச்சொல், ஒருநாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயின என்று பொருள்படும். பொறி எத்துணை நாழிகை ஓய்ந்தது என்பதை அதனைக் காப்போர் குறித்து வைப்பர்; அக்கூலியாளர் இழந்ததை எவரும் குறிப்பதில்லை.

சர்வர் என்றவுடன் உணவுச்சாலையில் இட்டலி கொணர்பவரே நமக்கு நினைவுக்கு வருவார். அதிற் பிழையொன்றும் இல்லை. கேட்டதைக் கேட்டவர்க்குக் கொணர்ந்து கொடுப்பதே இப்பொறியின் தொழிலும் ஆகும். அத்தகைய பொறிகள் இரண்டோ பலவோ ஒன்றையொன்று அறிந்து, ஒரே பணியைக் காத்து நிற்குமாயின் அவ்வமைப்பைக் 'கிளஸ்டர்' என்பர். யாம் கொத்து என்போம். கொத்திலுள்ள ஒவ்வொரு பொறியும் ஒரு கணு. வெளியிலிருந்து கேட்பவர்க்குக் கணுக்கள் தோன்றா. அவர் அறிவது ஒரு முகவரி மட்டுமே. அம்முகவரி எப்பொறியோடும் நிலையாகப் பிணைக்கப்படாது, பொறுப்பில் உள்ள கணுவோடு ஒட்டிக்கொண்டு, அது வீழ்ந்தால் அடுத்ததற்குப் பெயரும். ஆதலின் கேட்பவர் கண்டது ஒரு சிறு தயக்கமாகவே முடியும். முடிதல் வேண்டும் என்பதே நோக்கம்.

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் ஒப்புமை காட்டுவோம். இப்பகுதியின் நிலத்தடி நீரிற் பலவிடங்களில் ஃபுளோரைடு அளவு மிகுந்து, பற்களும் எலும்புகளும் கேடுற்றமையால், காவிரி நீரை மேலேற்றிக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய நீரேற்று நிலையங்களில், ஓடும் பம்புகளோடு ஓடாது நிற்கும் பம்பு ஒன்றையும் பொருத்தி வைத்தல் பொறியியலார் வழக்கம். ஒன்று பழுதுற்றால் மற்றொன்றை முடுக்குவர், நீர் வரும். இவ்வளவில் பம்புக்கும் சர்வருக்கும் வேற்றுமை இல்லை.

ஆனால் பம்புக்கு நினைவில்லை. முன்னது எத்துணைக் குடம் நீரேற்றியது என்பதைப் பின்னது அறிய வேண்டுவதில்லை. சர்வரோ கணக்குப்பிள்ளை போன்றது. காரிமங்கலத்தில் ஒருவர் தம் கணக்கினின்றும் ரூபாய் 5,000 எடுத்த மறுநொடியில் பொறி வீழ்ந்ததெனக் கொள்வோம். பொறுப்பேற்கும் கணு அவ்வெடுப்பை அறியாதிருப்பின், அவர் அதே தொகையை மீண்டும் எடுக்கலாம். அன்றி, ஒருவர் செலுத்திய தொகை செலுத்தாததாகவே போகலாம். ஆகவே மாற்றுக் கணு வாளா காத்திருத்தல் போதாது. முதற்கணு எழுதும் ஒவ்வொரு வரியையும் தானும் உடனுக்குடன் எழுதிக்கொண்டே இருத்தல் வேண்டும், அல்லது இரண்டும் ஒரே ஏட்டைப் பகிர்தல் வேண்டும். இத்துறையின் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் இவ்வொரு வேற்றுமையிலிருந்தே கிளைக்கின்றன.

இனி, ஒரு கணு ஓய்ந்ததென்பதை மற்றொன்று எங்ஙனம் அறியும்? கணுக்கள் தம்முள் ஓயாது சிறு செய்திகளை அனுப்பிக் கொள்கின்றன. இதனை நாடித்துடிப்பு என்பர். லினக்ஸ் இயங்குதளத்தில் 1990-களின் இறுதியில் எழுந்த முயற்சியொன்று தன் செயலிக்கு 'ஹார்ட்பீட்' என்றே பெயரிட்டது. அதன் வழித்தோன்றல் 'பேஸ்மேக்கர்'. மருத்துவர்தம் சொற்கள் இங்குக் குடியேறியது பொருத்தமே. துடிப்பு சில முறை தவறினால், எதிர்க்கணு இறந்ததெனக் கொள்ளப்படும். எத்துணை முறை என்பதே வினா. மூன்று நொடியில் முடிவு கட்டினால், சற்றே வேலைமிகுந்து மூச்சுத் திணறிய பொறியையும் பிணமெனக் கருதிப் பாடை கட்டிவிடுவோம். மூன்று நிமிடம் காத்தால், மெய்யாகவே இறந்ததற்கு முன் வரிசை நீளும். வேண்டாத மாற்றமும் ஓர் இடையூறே என்பதைப் புதிதாக இத்துறைக்கு வருவோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

இவ்விடத்திற்றான் மிகப் பெரிய இடர் ஒன்று ஒளிந்துள்ளது. துடிப்பு வராமைக்குக் காரணம் இரண்டு. எதிர்க்கணு இறந்திருக்கலாம், அல்லது இரண்டும் உயிரோடிருக்க, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். உள்ளிருந்து நோக்கும் கணுவுக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கம்பி அறுந்த நிலையில் இரு கணுக்களும், 'மற்றது மாய்ந்தது. இனி யானே தலைவன்' எனத் தனித்தனியே துணியுமாயின், ஓர் உறையில் இரு வாள் புகுந்த கதையாகும். இரண்டும் ஒரே ஏட்டில் வெவ்வேறு கணக்கெழுதும். ஏடு கெட்டபின் எவ்வரி மெய், எவ்வரி பொய் என்று பிரித்தல் எளிதன்று. இதனை ஆங்கிலத்தார் மூளைப்பிளவு என்னும் பொருள்படக் கூறுவர். பணி ஒருமணி நேரம் நின்றாலும் மீளும். இங்ஙனம் கெட்ட ஏடு மீளாதும் போகலாம்.

இதற்கு மருந்து என்ன? இருப்புப்பாதையை நினைமின். சேலத்திலிருந்து தருமபுரி வழியே பெங்களூர் செல்லும் பாதை நெடுங்காலம் ஒற்றைப்பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதிருக்க, நம் நாட்டின் ஒற்றைப்பாதைகள் பலவற்றில் டோக்கன் முறை வழங்கிற்று. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து டோக்கன் உருண்டையை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஒரு பெட்டியுட் சேரும்வரை எந்தப் பெட்டியும் மற்றொன்றைத் தாராது. உருண்டையைக் கையிற் பெறாத ஓட்டுநர் வண்டியை நகர்த்தார். இம்முறையின் அழகு, ஐயம் நேர்ந்தவிடத்து வண்டி நிற்கும் என்பதே. நேரம் வீணாகும், உயிர் வீணாகாது.

கொத்துக்களில் உருண்டைக்கு நிகராக நிற்பது கோரம். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் போதிய உறுப்பினர் வாராவிடின் தீர்மானம் நிறைவேறாதன்றோ? அங்ஙனமே, மொத்தக் கணுக்களிற் பாதிக்கு மேற்பட்டவை ஒன்றையொன்று காணக்கூடிய பக்கமே பொறுப்பேற்கலாம். சிறுபான்மைப் பக்கம் தன் பணிகளைத் தானே நிறுத்திக்கொள்ளல் வேண்டும். இரு பக்கமும் ஒருங்கே பாதிக்கு மேற்படுதல் இயலாதாகலின், இரு தலைவர் தோன்றார். இதனாலேயே கணுக்களை ஒற்றைப்படை எண்ணில் வைப்பது நன்று. இரண்டே கணுவுள்ள கொத்தில் கம்பி அறுந்தால் இருபுறமும் ஒவ்வொரு வாக்கு. பெரும்பான்மை எப்பக்கமும் இல்லை. மூன்றாவதாகப் பணி எதுவும் செய்யாது வாக்கு மட்டும் அளிக்கும் ஒரு சிறு பொறியைச் சாட்சியாக வைத்தால் இக்குறை நீங்கும்.

கோரத்தோடு வேலியிடுதல் என்பதும் ஒன்றுண்டு. பொறுப்பேற்குமுன், பழைய தலைவன் மெய்யாகவே ஓய்ந்தான் என்பதை நம்பிக்கையால் அன்றிச் செயலால் உறுதி செய்தல் வேண்டும். அதன் மின்னோட்டத்தைத் துண்டித்துவிடுதல் அல்லது ஏட்டை அது தொடாதபடி தடுத்துவிடுதல் அதற்கு வழி. இம்முறைக்குப் பொறியாளர் இட்ட பெயர் 'ஸ்டோனித்'. மற்றைக் கணுவைத் தலையிற் சுடு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆயது அது. பெயர் கொடிது, நோக்கம் நேரியது. இதனை அமைக்காது விட்ட கொத்து, இடர் வரும்வரை நன்கு நடைபெறுவதாகவே காணப்படும்.

கோரம் ஒழுங்காக இருந்தும் திட்டம் தவறலாம் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் 'கிட்ஹப்' என்னும் அமெரிக்க நிறுவனம், 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பழுதான ஒளியிழைக் கருவியொன்றை மாற்றிற்று. அவ்வேலையிடையே கிழக்குக் கரையிலிருந்த அதன் முதன்மைத் தரவு மையம் 43 நொடி தொடர்பிழந்தது. தானியங்கிச் செயலி கோரத்தைக் கூட்டி, விதிப்படியே தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. தொடர்பு மீண்டபொழுதோ, கிழக்கில் எழுதப்பெற்று மேற்கிற்குச் சேராத சில வரிகளும், மேற்கில் புதிதாக எழுதப்பெற்ற பல வரிகளும் இருந்தன. அன்றியும் கிழக்கிலிருந்த பயன்பாட்டுச் செயலிகள் ஒவ்வொரு கேள்விக்கும் கண்டத்தைக் கடந்து சென்று மீள வேண்டியதாயிற்று. அத்தாமதத்தை அவை தாங்கவில்லை. விரைந்து மீள்வதினும் பயனர்தம் தரவைக் காப்பதே முதன்மை என அந்நிறுவனத்தார் முடிவு செய்தனர். முழுதும் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. 43 நொடியும் கைகட்டி நின்றிருப்பின் இத்துணைத் துன்பம் நேர்ந்திராது. பொறி தனக்கு இட்ட விதியைப் பிழையின்றி நிறைவேற்றியது. மேற்கிற்குப் பெயர்ந்தபின் வாழ்வு எங்ஙனம் இருக்கும் என்பதை விதி வகுத்தோர் எண்ணி முடிக்கவில்லை.

நிற்க. திட்டமிடுவோர் தாளில் எழுத வேண்டுவனவற்றுட் சிலவற்றைக் கூறுவோம். ஒரு பணி பெயரும்பொழுது தனியே பெயர்வதில்லை. ஏடு, ஏட்டைக் காக்கும் தரவுத்தளம், அதன்மேல் நிற்கும் செயலி, வெளியாருக்குத் தெரியும் முகவரி என்னும் யாவும் ஒரே கணுவிற்குச் செல்லுதல் வேண்டும். அதுவும் வரிசை தவறாது செல்லுதல் வேண்டும். ஏடு திறவாமுன் தரவுத்தளம் எழுந்தால் வெற்றேட்டைக் கண்டு மயங்கும். முகவரி முந்திச் சென்றால், அடுப்பு மூட்டாமுன் பந்தியில் இலை போட்டதாகும்.

அடுத்தது சுமை. இரு கணுக்களும் தத்தம் ஆற்றலில் நூற்றுக்கு எழுபது பங்கு உழைக்கின்றன எனின், ஒன்று வீழ்ந்தால் மற்றதன்மேல் நூற்று நாற்பது பங்கு ஏறும், அதுவும் வீழும். கொத்து என்னும் பெயர் இருந்ததேயன்றிக் காப்பு இருந்ததில்லை. இரு கணுவாயின் ஒவ்வொன்றும் ஐம்பது பங்குக்கு மேற்படலாகாது. நான்காயின் எழுபத்தைந்து வரை செல்லலாம். செலவைக் குறைக்க விரும்பும் மேலாளர்க்கு, பாதி நாளும் சும்மா நிற்பதாகத் தோன்றும் பொறியைக் கண்டால் கை துறுதுறுக்கும். 'இதற்கும் ஒரு வேலை கொடுங்கள்' என்பார். கொடுத்த அன்றே மாற்றாள் போய்விட்டார் என்பதை அவர்க்கு எடுத்துரைப்பது பொறியாளர் கடன்.

மூன்றாவது, இரண்டெனத் தோன்றும் ஒன்று. பொறிகள் இரண்டு, அவை செருகப்பட்ட மின்பலகை ஒன்று. கம்பிவடங்கள் இரண்டு, அவை செல்லும் சாலையோரப் பள்ளம் ஒன்று. ஒரு கடப்பாரை இரண்டையும் அறுக்கும். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையில் நிகழ்ந்ததை ஈண்டு நினைவு கூர்தல் தகும். அச்சந்தைக்கு இரு தொலைத்தொடர்பு நிறுவனத்தார் இணைப்பு அளித்திருந்தனர். அன்று இருவர்தம் இணைப்பும் தடுமாறின. வடங்கள் செல்லும் வழியில் நடந்த தோண்டுதலும் கட்டுமானமுமே காரணமெனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. இணைப்புத் தடுமாற, தரவுச் சேமிப்பு அமைப்பும் எதிர்பாராவாறு கைவிட்டது. முற்பகல் 11-40 மணிக்கு வாணிபம் நிறுத்தப்பட்டு, பிற்பகல் 3-45 மணிக்கே மீண்டது. அச்சந்தைக்குச் சென்னையில் ஒரு பேரிடர் மீட்பு மையம் ஆயத்தமாக இருந்தும், அன்று பணி அங்குப் பெயர்க்கப்படவில்லை. மாற்றாள் இருந்தார், அழைப்பாரில்லை.

சில வாரங்களில், அதாவது 2021 மார்ச்சில், பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி புதிய விதிகளை வகுத்தது. இன்றியமையாப் பணி தடைப்பட்ட 30 நிமிடத்துக்குள் அது பேரிடரே என அறிவித்துவிடல் வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து பணி தொடங்குதல் வேண்டும். இவ்விதியில் எமக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது முதற்பகுதியே. 'இன்னும் பத்து நிமிடத்திற் சரியாகிவிடும்' என்னும் நம்பிக்கை பத்து முறை கூறப்பட்டு நூறு நிமிடம் கழிதல் எல்லா அலுவலகங்களிலும் உள்ள இயல்பு. அதனை அறிந்தே கடிகாரத்திடம் முடிவை ஒப்படைத்தனர்.

மாற்று மையத்தை ஏன் அத்துணைத் தொலைவில் வைத்தல் வேண்டும், அருகில் வைத்தால் என் என்று வினவலாம். 2015 டிசம்பரிற் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தைக் கண்டவர் அங்ஙனம் வினவார். ஒரே வெள்ளம், ஒரே புயல் இரண்டையும் தீண்டாத தொலைவு வேண்டும். தமிழ்நாட்டு அரசின் தரவு மையம் சென்னையிலும், அதற்குரிய பேரிடர் மீட்பு மையம் திருச்சிராப்பள்ளியிலும் அமைந்துள்ளமை இக்கருத்துப் பற்றியே. ஆனால் தொலைவுக்கும் விலையுண்டு. ஒளியிழையுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு வரி அங்குச் சென்று 'எழுதினேன்' என்னும் விடை மீள, நொடியில் நூற்றிலொரு பங்காவது ஆகும். சிறிதெனத் தோன்றுகின்றதா? நொடிக்குப் பல்லாயிரம் வரி எழுதும் பொறி ஒவ்வொரு வரிக்கும் இவ்வாறு காத்திருத்தல் இயலாது. ஆதலால் பெரிய நிறுவனங்கள் இரண்டு மாற்று வைக்கின்றன. அருகில் ஒன்று, ஒரு வரியும் தவறாது உடனெழுதும். தொலைவில் ஒன்று, சற்றே பின்தங்கி எழுதிவரும். தொலைவிலுள்ளது எத்துணைப் பின்தங்கலாம் என்பதற்கு மேற்கண்ட விதி 15 நிமிட எல்லை வகுத்தது.

எல்லாப் பணிக்கும் இத்துணை ஏற்பாடு வேண்டுமோ? வேண்டா. ஓராண்டில் நூற்றுக்கு 99 பங்கு இயங்கும் பணி, மூன்று நாளும் பதினைந்து மணியும் ஓய்கின்றது. 99.9 பங்காயின் எட்டே முக்கால் மணி. 99.99 பங்காயின் ஐம்பத்திரண்டு நிமிடத்திற்குச் சற்றே மேல். ஒவ்வோர் ஒன்பது கூடுந்தோறும் செலவு பன்மடங்காகும். கல்லூரி நூலகத்தின் பட்டியல் ஒரு பிற்பகல் முழுதும் ஓய்ந்தால் உலகு அழியாது. அரசு மருத்துவமனையில் நோயாளியின் குருதிப் பிரிவு எழுதிய பதிவேடு அங்ஙனம் ஓய்தலாகாது. எப்பணி எத்துணை நேரம் நிற்கலாம், எத்துணை வரிகளை இழக்கலாம் என்னும் இரண்டையும் கேட்டு விடை பெறாமல் பொறி வாங்கச் செல்வோர் கடைக்காரர் கூறுவதையே வாங்கி வருவர்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கொத்து உண்டாகலின் படியெடுத்து வைத்தல் வேண்டா என்பர் சிலர். அது பெருந்தவறு. கணக்குப்பிள்ளை எழுதியதை உடனெழுதுபவன், அவர் அடித்ததையும் உடனே அடிப்பான். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் 'கிட்லாப்' என்னும் நிறுவனத்திற் பொறியாளர் ஒருவர், மாற்றுத் தரவுத்தளம் என்றெண்ணி முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்புமுறைகள் இருந்தும் அவற்றுள் ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்ட படியொன்றே கைகொடுத்தது. அந்நிறுவனத்தார் நடந்தவற்றை ஒளிக்காது உலகறிய எழுதி வெளியிட்டனர். அவ்வெழுத்தால் பயன்பெற்றோர் பலர்.

ஒத்திகை பற்றிக் கூறாது விடலாகாது. நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கும் நாம், இடருக்கு ஒத்திகை பார்ப்பதில்லை. ஒருமுறையும் முடுக்கிப் பாராத மாற்றுப் பம்பு துருப்பிடித்திருக்கும். ஒருமுறையும் பொறுப்பேற்றுப் பாராத கணுவில் கடவுச்சொல் மாறியிருக்கும், சான்றிதழ் காலங் கடந்திருக்கும், வட்டு நிறைந்திருக்கும். 2024-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் சனிக்கிழமை விடுமுறையாயிருந்தும் பங்குச் சந்தைகள் திறக்கப்பட்டன. முதலமர்வு முதன்மை மையத்திலிருந்தும், இரண்டாமமர்வு மாற்று மையத்திலிருந்தும் மெய்யான வாணிபமாகவே நடத்தப்பெற்றன. மே 18-ஆம் நாள் மீண்டும் அவ்வாறே செய்தனர். மூன்றாண்டுக்கு முன் அழைப்பாரின்றி நின்ற மாற்றாள், இப்பொழுது பட்டப்பகலில் மேடையேறிப் பழகுகின்றார்.

நம்மூர்க் கூட்டுறவுச் சங்கமோ கல்லூரியோ சிறிய அளவிற் செய்யக்கூடியதும் உண்டு. ஒரே திறனுள்ள இரு பொறிகள், சாட்சியாகப் பழைய பொறி ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி மின்கலம், வெவ்வேறு வழியாக வரும் இரு இணைப்புக்கள் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். இவற்றோடு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிய குறிப்பு ஒன்றும் வேண்டும். அதனைக் கணிப்பொறிக்குள்ளேயே வைத்திருப்பார் பலர். பொறி ஓய்ந்தபின் அதனை எங்ஙனம் படிப்பரோ அறியோம். எப்பணி முதலில் எழல் வேண்டும், யாரை அழைத்தல் வேண்டும், அவரும் கிடைக்காவிடின் யார் என்பவை அதில் இருத்தல் வேண்டும். பொறியை அறிந்த ஆசிரியர் ஒருவரே யாயின், அவரே மாற்றில்லாக் கணு.

பழுது நீங்கிய பொறி திரும்பியவுடன் அதனைப் பழைய பதவியில் அமர்த்தலும் ஆகாது. அது ஓய்ந்திருந்த நேரத்தில் எழுதப்பெற்ற வரிகளை முழுதும் படித்து முடிக்கட்டும். பழுதின் காரணம் விளங்காமல் அமர்த்தினால் மீண்டும் வீழும். இரு கணுக்களுக்கிடையே பொறுப்பு பந்துபோல் மாறிமாறித் துள்ளும். பொறுப்பேற்ற கணு நன்கு பணிபுரியுமாயின் அதனையே தலைமையில் விட்டு, வந்ததை மாற்றாளாக நிறுத்துதல் சாலும். மீட்டே ஆகவேண்டுமெனின், மையங்கள் மூடி, வரிசையில் எவரும் நில்லாத ஞாயிற்றுக்கிழமை இரவு அதற்கு ஏற்றது.